வேலுச்சாமி நிறுத்திய மாத்திரை

ஐப்பசி, வியாழக்கிழமை.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதனின் விரல்களை வீங்க வைத்தது என் வாய். போன மாதம் சங்ககிரி லாரிப் பட்டறையில், முடக்குவாதத்துக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாக டிரைவர் வேலுச்சாமி சொன்னார். "ஊரே அதை ஏத்திக்கக் கஷாயம் குடிக்குது, நீ காசு குடுத்து எறக்கறியாப்பா?" என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும்தான்.

இன்று அவரால் டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாராம். ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பார்? நானே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"எதிர்ப்புச் சக்தியில அடிக்கிற செல்லும் இருக்கு, போதும்னு அதை அடக்கி வைக்கிற செல்லும் இருக்கு. இவருக்கு அடக்குறது சரியா வேலை செய்யல. சொந்த மூட்டையே எதிரின்னு அடிக்குது. மாத்திரைதான் இப்போதைக்கு பிரேக். அதைப் போய் நிறுத்துனா?"

நான் தலை குனிந்தேன். என் நாக்குக்கும் அப்படி அடக்குகிற செல் இரண்டு இருந்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். வேலுச்சாமி நெளிந்தார்.

"அட, உடுங்கண்ணா. சளி காய்ச்சல் வந்தாத் தாங்காதுன்னு பயந்து, நீங்க சொல்றதுக்கு ஒரு வாரம் முந்தியே நிறுத்திப்போட்டனுங்க. பட்டறையில உங்க பேச்சை யாருங்கண்ணா கேக்கறாங்க?"

அதுவரை வழிநெடுக, யாரும் கேட்காத அதே வாயால் மாத்திரையை விடாமல் போடச் சொல்லி அவரிடம் கெஞ்சிக்கொண்டு வந்தவனும் நான்தான்.