தலையில் தேங்கிய நீர்

மகனுக்கு,

'அன்புள்ள' விட்டுப்போனது மறதியால் அல்ல.

எனக்கு மூளை சுருங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாய். உன் தங்கைதான் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மூளையின் வெள்ளைப் பகுதியில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறதாம், வயதானால் வருவதுதானாம். என் நடையையும் நினைவையும் கெடுத்தது வடியாமல் தேங்கிய நீர். முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். மறுநாள் மாதா கோயில்வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன்.

செம்பட்டித் தோப்பை விலைபேச வந்தவர், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "அதுக்கு என்னத்த வெளங்கப் போகுது?"

நன்றாகவே விளங்கியது. தோப்பு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ. என் கையெழுத்து வேண்டுமென்றால் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
அது