கையுறை போட்ட ரசிகன்

டிரம்ஸ் அம்மணிக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே. பின்கதவுச் சாவி என் பழைய ஷூவுக்குள்.

போன வாரம் முன்வரிசையில் நான் தாளம் தப்பி வேகவேகமாகக் கைதட்ட, உன் கையும் என் பின்னாலேயே ஓடி, பாடகர் கடைசிச் சரணத்துக்கு வருவதற்குள் குழுவே பாட்டை முடித்துவிட்டது. சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் நீ ஏன் என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தாய்?

"இனிமே நான் வாசிக்கிற பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க!" என்றாய். படுக்க மாட்டேன். இன்று அதே மேடையில் உங்கள் குழுவுக்கு அடுத்து வாசிக்கிற பஸ் டிரைவர்கள் குழுவைக் கேட்கத்தான் போகிறேன். அவர்களும் உங்களைப் போல அடுத்தவர் பாட்டைத்தான் வாசிக்கிறார்கள். இடம் பிடிக்கக் கொஞ்சம் முன்னாலேயே போனால், நீ வாசிப்பதும் காதில் விழத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
தாளங்கெட்டவன்

பி.கு.: உன் கம்பளிக் கையுறையைத் தேடாதே, நான்தான் எடுத்துப் போகிறேன். அதைப் போட்டுக்கொண்டு தட்டினால் சத்தமே வராது. சமையலறையில் தட்டிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று: பாட்டு முடிந்ததும் கழற்றிவிடுவேன். அப்போது காதைப் பொத்திக்கொள்.