தனி ஆரம்பித்ததும் எழுந்து போகிறவள்

நவம்பர் 30, ஞாயிறு

வர்ஷினியின் வாரக் குறிப்பு காலையிலேயே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு, வாட்ஸ்அப் வழியாக. வீட்டில் எனக்குப் பெண்டாட்டி, குழுவில் அட்மின். படித்தது, கேட்டது, ஓவியம், சினிமா, சாப்பிட்டது – ஞாயிறுதோறும் நாலு பேரும் இந்த ஐந்தையும் எழுதியாக வேண்டும். அவள், நான், என் சித்தப்பா வேதாந்தம், கல்லூரித் தோழன் முதஸ்ஸிர்.

'கேட்டது' என்ற இடத்தில் நேற்று நான் வாசித்த கச்சேரி. பாடகியின் கல்யாணிக்கு ஆறு வரி. வயலினுக்கு இரண்டு. மிருதங்கம்? "குரு பக்கபலமாக இருந்தான்." பக்கபலமாம்! நான் என்ன சுவரா? 'சாப்பிட்டது' என்ற இடத்தில் சபா கேன்டீன் கீரை வடைக்குப் பத்து வரி.

ஏன் எழுத மாட்டாள்? பாட்டை நிறுத்தி, மிருதங்கத்துக்கு மட்டும் 'தனி' என்று விட்டுக்கொடுக்கும் அந்தக் கால் மணி நேரமும் அவள் வடைக்கு முன்னால்தானே உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 3, புதன்

கேட்டே விட்டேன். "கல்யாணம் ஆகி பதினோரு வருஷம் ஆறது. என்னோட தனி ஒண்ணாவது முழுசா கேட்டிருக்கியா?"

தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்கிறாள்: "தனி ஆரம்பிக்கறச்சே போனாத்தான் கேன்டீன்ல இடம் கிடைக்கும், குரு. அப்பறம் போனா ஊரே நிக்கும். உனக்கும் சேத்துத்தானே டோக்கன் வாங்கி வெச்சிண்டு உக்காந்திருக்கேன்?"

எனக்காகத்தான் என்னைக் கேட்காமல் போகிறாளாம்! அவள் மட்டுமா, பாதி அரங்கமே எழுந்து போகிறது. கதவு கிறீச், நாற்காலி டமார், அதுதான் எனக்குத் தாளம். ஊரான் போகட்டும், எனக்கென்ன. இவள் போகலாமா?

இவள் பள்ளியில் ஓவிய டீச்சர். போன மாதம் ஆழ்வார்பேட்டையில் இவள் படங்களை மாட்டியிருந்தபோது ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்றேன். ஒரு நீல மாட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம்! கால் கடுத்தது. நடுவில் பஜ்ஜி சாப்பிடவா ஓடினேன்?

டிசம்பர் 7, ஞாயிறு

அட்மின் இந்த வாரம் புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். எழுதினால் மட்டும் போதாது; முறை வைத்து ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததற்கு மற்றவர்களை அழைத்துப் போக வேண்டும். நேற்று முதஸ்ஸிர் முறை. ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். சினிமா என்றால் உயிர். மூன்று மணி நேரம் அடிதடி, ரத்தம். காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் சித்தப்பா எழுந்தார். முதஸ்ஸிர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

"இன்னா மாமா, வேலை செஞ்சவன் பேரெல்லாம் வந்துகினு கீது, அதுக்குள்ள இன்னா அவசரம்? உக்காருங்க."

"டேய், லைட்டே போட்டுட்டாண்டா!"

"போடட்டும்."

கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தோம். பெருக்குகிற அம்மா எங்களை முறைத்தார்.

அடுத்தது என் முறை. இருபதாம் தேதி கச்சேரிக்கு மூன்று பேரும் வருகிறார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கும் எழுந்து போனாளானால் இனி அவளை எந்தக் கச்சேரிக்கும் கூப்பிடப் போவதில்லை. சண்டை கிண்டை கிடையாது. நான் பாட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் வாசித்துவிட்டு வருவேன். அவள் வடையை வாங்கிக்கொண்டு ஆத்திலேயே உட்கார்ந்து தின்னட்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு காலை

நேற்று நடந்ததைச் சரியாக எழுதிவிட வேண்டும்.

ஒரு பக்கம் சுவர், சுவரோரம் வர்ஷினி, பக்கத்தில் சித்தப்பா, நடைபாதை ஓரமாக முதஸ்ஸிர். பாடகர் எனக்குத் தலையசைத்தார். தனி. மேடையிலிருந்தே தெரிந்தது – பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். சித்தப்பாவும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சரி, போ, இதோடு சரி என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

முதஸ்ஸிர் முழங்காலை மடக்கவில்லை. வழி மறித்தாற்போல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கச்சேரி இதுதான் முதல் தடவை. எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? என்ன பேசினார்கள் என்பதைச் சித்தப்பா அப்புறம் சொன்னார்.

"இன்னா மாமா, அவன் இப்பத்தான் ஆரம்பிக்கிறான், எல்லாரும் எழுந்து போறாங்க? எதுனா சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லப்பா. தனின்னா கேன்டீன் போறது வழக்கம்."

"நம்ம ஆளு வாசிக்கிறப்போவா? சும்மா உக்காருங்க மாமா. நீயும் உக்காரும்மா."

பின் வரிசையில் யாரோ "உஸ்" என்றார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு வர்ஷினி என்னையே பார்த்தாள். அங்கேதான் எனக்கு இடது கை நழுவியது. பதினோரு வருஷமாக அவள் நாற்காலியைக் காலியாகப் பார்த்தே பழகிவிட்டேன், வேறென்ன? எப்படியோ சமாளித்து, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து சேர்ந்தேன்.

முடிந்து போனால் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "பசிக்கறது." வீட்டில் தயிர் சாதம். எப்படி இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பயம்தான்.

அதே நாள் மாலை

குறிப்பு வந்துவிட்டது.

"கேட்டது: குருவின் தனி. நடுவில் ஓரிடத்தில் இடது கை தடுமாறியது. ஏன் என்று தெரியவில்லை. சாப்பிட்டது: தயிர் சாதம்."

அவ்வளவுதான்! இத்தனை வருஷத்தில் முதல் விமர்சனம், அதுவும் நொட்டை. யாரால் தடுமாறினேன் என்று தெரியவில்லையாம்! கீழே சித்தப்பா, "வடை போனதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். முதஸ்ஸிர் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறான்.

ஆனால் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாள்? பாடகருக்கே தெரியவில்லையே.

ஜனவரி 4, ஞாயிறு

நேற்றுக் கச்சேரிக்கு நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே. தனி ஆரம்பித்ததும் வழக்கம்போல் கதவு கிறீச், நாற்காலி டமார். இவள் அசையவில்லை. அசையாததோடு நிற்கவில்லை – தொடையைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஐயோ, அதை என்னவென்று சொல்ல! எட்டு எண்ணிக்கையை ஒரு சமயம் ஏழில் முடிக்கிறாள், ஒரு சமயம் ஒன்பதுக்கு இழுக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால்தான் பிழைத்தேன்.

மேடையை விட்டு இறங்கியதும் வயலின்காரர் பிடித்துக்கொண்டார். "முன்னாடி ஒரு மாமி தப்புத் தாளம் போட்டு உயிரை வாங்கிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சவாளா? கொஞ்சம் சொல்லக் கூடாதோ?"

"தெரியாது" என்றேன்.

கேன்டீனில் உட்கார இடமில்லை. ஒரு தட்டு கீரை வடை வாங்கி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு பேரும் தின்றோம். ஆறிப்போயிருந்தது.