விளக்கேற்றும் நேரத்து பிஸ்கட்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளை அழக்கூடாது என்று, தம்பி மகள் செல்வியின் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கடிக்கிற பிஸ்கட்டைத் தொட்டிலிலேயே கொடுத்துவிட்டேன். படுத்தபடியே கடித்தது. அழுகை நின்றதும் ஆண்டாளுக்கு நன்றி சொன்னேன். பிள்ளைக்கோ தொண்டை அடைத்து, சத்தமே வராமல் முகம் கறுத்திருந்தது. செல்விதான் ஓடிவந்து கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். ஊறிய துண்டு வெளியே விழுந்தது.

"உக்கார வச்சு, பக்கத்துலயே இருந்து கொடுக்கணும் அத்தை," என்றாள். ஏசவில்லை.

நாளை பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலைக்குச் சேருகிறாள். "நீங்க இருக்கீகல்ல, பொறவு எனக்கென்ன பயம்?" என்கிறாள். ஊரெல்லாம் பேசுகிற என் வாய்க்கு, "எனக்குத்தான் பயமா இருக்கு தாயி" என்று சொல்ல வரவில்லை. காலையில் அவள் செருப்பு மாட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.