கிளட்ச்

என்னங்க,

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில், மலைப் பாதைக்கென்று நாம் சேர்ந்து வாங்கிய ஜீப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு மேனுவல் மாட்டியிருக்கிறீர்கள். "இப்பதான் வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு" என்று நண்பர்களிடம் பீற்றல் வேறு.

ஆட்டோமேட்டிக்கில் இல்லாத அந்தக் கிளட்ச்சை எந்தக் காலால் மிதிப்பார்கள்? என் இடது முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தானே நின்றீர்கள்?

கேட்டால், "அதான் நான் கூட்டிட்டுப் போறேனே" என்கிறீர்கள். நான் என்ன மூட்டையா, ஏற்றி இறக்க?

நான் மெக்கானிக் என்பதும் மறந்துவிட்டது போல. காலையில் நீங்கள் கிளம்பியதும் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். உங்கள் மேனுவல் கியர்பாக்ஸ் இப்போது ஷெட் தரையில் கிடக்கிறது.

அதைக் கழற்ற எனக்கு இடது கால் தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
ஜீப்பின் இன்னொரு சொந்தக்காரி