வெள்ளை வண்டியா, சாம்பல் வண்டியா

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். வண்டி கழுவி, டயருக்குக் காற்று பிடித்து, முதலாளி வீட்டு வாசல். அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு ஃபேக்டரி அவருக்கு. பதினோரு வருடமாக நான்தான் டிரைவர்.

பாடி மேம்பாலம் ஏறும்போது பின்சீட்டிலிருந்து சொன்னார். "தனா, புது வண்டி வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். எது நல்லதுன்னு நீதான் பார்த்துச் சொல்லணும். எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனி. இரண்டும் சின்ன சைஸ் எஸ்.யூ.வி., விலை மட்டும் பெரிய சைஸ். பெயர் எழுத வரவில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். அப்படியே குறித்துக்கொள்கிறேன்.

பார்க்க வேண்டியவை:
பின்சீட்டில் சாருக்கு முழங்கால் இடிக்கிறதா
அம்மா (சாரின் மனைவி) புடவையோடு ஏறி இறங்க உயரம் சரியா
பின்பக்கம் ஏ.சி. வருமா
தண்ணீர் நிற்கிற ரோட்டில் தாங்குமா (அம்பத்தூருக்கு முதலில் இதுதான்)
டிரைவர் சீட் முழுதாகச் சாயுமா. மண்டப வாசலில் மூன்று மணி நேரம் கிடப்பது நான்தானே
என் டிபன் கேரியர் வைக்க இடம்

வீட்டுக்கு வந்து மனைவி கஸ்தூரியிடம் சொன்னேன். "உன்னைக் கேட்டா காரு வாங்கறாரு? பெரிய ஆளுதான் நீ" என்றாள். கிண்டல்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ராத்திரி இரண்டு தோசை கூட.

மார்ச் 5, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

ஷோரூம் போனோம். வெள்ளை வண்டி. கோட்டு போட்ட ஒரு தம்பி. நான் பின்கதவைத் திறந்து சீட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சார் நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தம்பி சொல்கிறான்: "சார், இது ஃபுல் ஆட்டோமேட்டிக். கியரே போட வேணாம், தானாவே பார்க்கிங் பண்ணிக்கும். உங்களுக்கு டிரைவரே தேவையில்லை சார்."

"அதுக்குத்தானே சின்ன வண்டியா பார்க்கறது" என்றார் சார்.

நான் அங்கேதான் நிற்கிறேன், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. கோட்டுக்காரன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்காவது வெட்கம் இருந்தது. அப்புறம் என்னையும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

அடுத்த ஷோரூமில் சாம்பல் வண்டி. என்ன பார்த்தேன் என்றே நினைவில்லை.

திரும்பும்போது நானே கேட்டேன். "சார், நீங்களே ஓட்டப் போறீங்களா?"

"ஆமாப்பா. அறுபது வயசாச்சு, ஒரு ஆசை. லைசென்ஸ் இருக்கு. ஸ்கூட்டருக்கு எடுத்தப்பவே சேர்த்து எடுத்தது. நீ கவலைப்படாத, உன்னைக் கைவிட மாட்டேன். ஃபேக்டரி கேட்ல ஒரு சேர் போட்டுடலாம். நிழல்ல உக்காந்திருக்கலாம்."

சேராம். நிழலாம். எட்டு வருடம் லாரி, பதினோரு வருடம் இவருக்கு. ஒரு கீறல் கிடையாது. என்னை வேலையை விட்டு எடுப்பதற்கான வண்டியை நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம். செவ்வாய்க்கிழமையே நேராகச் சொல்லியிருந்தால் இவ்வளவு வயிறு எரியாது. டிபன் கேரியருக்கு இடம் பார்த்த முட்டாள் நான்.

கஸ்தூரியிடம் இன்னும் சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

சாரும் அம்மாவும் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு. மண்டப வாசலில் பாபு நின்றிருந்தான். லாரிக் காலத்து நண்பன். இப்போது ஒரு டாக்டருக்கு ஓட்டுகிறான், அதே மாடல் சாம்பல் வண்டி. டாக்டர் சாப்பிட்டு வருவதற்குள் நசரத்பேட்டை வரை ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தான்.

ஷோரூமில் சொல்லாதது எல்லாம் அந்த அரை மணியில் தெரிந்தது.

சாம்பல்: பார்க்க ராஜா. டிராஃபிக்கில் பிசாசு. மிதித்தால் ஒரு நொடி சும்மா இருக்கும், அப்புறம் குபீரென்று தாவும். பின்கண்ணாடி சின்னது, மூலைத் தூண் தடிமன், பக்கத்தில் வருகிற பைக் தெரியாது. ஏ.சி. குறைக்கக்கூட திரையைத் தடவ வேண்டும்.

வெள்ளை: வியாழக்கிழமை நான் ஓட்டிய கொஞ்ச தூரத்தை இப்போது நினைத்துப் பார்த்தால், பிரேக்கை விட்டால் நடக்கிற வேகத்தில் போகிறது. உயரமாக உட்காரலாம், நான்கு பக்கமும் தெரியும், எல்லாவற்றுக்கும் கையில் சிக்குகிற பட்டன். புதிதாகக் கற்கிறவருக்கு இதுதான். சந்தேகமே இல்லை.

பாபுவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "இன்னா மாமே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? சாம்பலுதான் சூப்பர்னு சொல்லு. எனக்கே கையில புடிக்க ஒரு மாசம் ஆச்சு. உன் ஆளு ரெண்டு தபா ஓட்டுவாரு, பயந்துபோய் சாவிய உன் கையில குடுத்துட்டு பின்னாடி போய் உக்காந்துக்குவாரு. ஊட்ல சோறு வேணுமா வேணாமா உனக்கு?"

திட்டினேன் அவனை. ஆனால் வீடு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "சாம்பல்தான் சார். இன்ஜின் வேற லெவல்."

சார் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மாவிடம் திரும்பி, "தனா சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன" என்றார். அம்மா எனக்குக் காபி கொடுத்தார்கள்.

பதினோரு வருடமாக நான் சொன்ன பெட்ரோல் பங்க், நான் சொன்ன மெக்கானிக், நான் சொன்ன ரூட். இவ்வளவு நம்புகிறவருக்கு, என்னை வேலையை விட்டு நிறுத்தப்போவதை மட்டும் என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர்மேலும் கோபம், என்மேலும் கோபம். காபி வாயில் ஒட்டவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் சார். எஸ்டேட் ரோடு, ஞாயிறு என்பதால் காலி. சாம்பல் வண்டி. சார் ஸ்டியரிங்கில், ஷோரூம் ஆள் பக்கத்தில், நான் பின்சீட்டில். அவர் உட்காருகிற இடது பக்கம்.

இரண்டு முறை ஒழுங்காகப் போனார். மூன்றாவது முறை, திருப்பத்தில் நின்று எடுக்கும்போது மிதித்தார். நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். நான் வாய் திறப்பதற்குள் தாவிவிட்டது. எதிரில் இளநீர் வண்டி. வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். என் வலது கால் காலடி விரிப்பை மிதிக்கிறது, மிதிக்கிறது, அங்கே பிரேக் ஏது? ஷோரூம் ஆள் ஹேண்ட் பிரேக் பட்டனை இழுத்தான். ஒரு முழம் இடைவெளியில் நின்றது.

இளநீர் அம்மாள் திரும்பி வந்தாள். "காரு வாங்குனா போதுமா, ஓட்டக் கத்துக்கினு வா நைனா" என்று சாரைப் பார்த்துச் சொன்னாள். சார் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சார், இந்த வண்டி வேணாம். பொய் சொல்லிட்டேன். புதுசா ஓட்டறவங்களுக்கு வெள்ளைதான் சரி. இது கஷ்டம்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எதுக்குடா?"

"உங்களால முடியாம என்னையே ஓட்டச் சொல்லுவீங்கன்னு."

கண்ணாடியில் என்னையே பார்த்தார். "என் உயிரோட விளையாடியிருக்க நீ."

"நீங்க என் சோத்தோட விளையாடினீங்க சார். நீ வேணாம்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னீங்களா? அந்தக் கோட்டுப் போட்ட பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

ஷோரூம் ஆள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சார் இறங்கி, "எடு வண்டிய" என்றார். எடுத்தேன். வீட்டில் இறக்கியதும் ஷோரூம் ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நான் செய்தது தப்பு. அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஆனால் சாரிடம் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வெள்ளை வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். என்னிடம் எதுவுமே நடக்காத மாதிரி. "வண்டி வந்ததும் நீதான் கத்துக்கொடுக்கணும் தனா. அப்புறம் கேட் வேலை."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

கஸ்தூரியிடம் எல்லாம் சொன்னேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொய் சொன்னியே, அதுக்கு உன்னை அறையணும். கேட்ல போய் குந்திகினு போற வர காருக்கு சலாம் போடப் போறியா? ஹெவி லைசென்ஸ் வச்சிகினு கீற ஆளு. போய் வேற வேலை பாருய்யா" என்றாள். சோறு போட்டாள். தட்டு கொஞ்சம் சத்தமாகத்தான் விழுந்தது.

மார்ச் 24, செவ்வாய்

அரை நாள் லீவு. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜ். பஸ் டிரைவர் வேலை. ஐம்பத்திரண்டு சீட் பஸ்ஸை ஹைவேயில் எடுத்துக்காட்டச் சொன்னார்கள். முதல் கியரில் கிளட்சை விடும்போது லாரியை விட்டுப் பதினோரு வருடமா ஓடிவிட்டது என்று தோன்றியது. டிரான்ஸ்போர்ட் மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்தார். "ஆறாம் தேதி திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். வாங்க, போங்க என்றுதான் பேசினார்.

சாரிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் எத்தனை நாள் சொல்லாமல் இருந்தார்?

வாங்க வேண்டியவை: காக்கிச் சட்டை இரண்டு. பேட்ஜுக்கு போட்டோ. கஸ்தூரிக்கு மூட்டுத் தைலம்.

மார்ச் 30, திங்கள்

ஆறு மணிக்கே புழுக்கம். நேற்று வந்த வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பின்னாலுள்ள மைதானம். முதல் பாடம். நான் ஓட்டினேன், சார் பின்னால்.

நிறுத்திவிட்டு இறங்கி டிரைவர் கதவைத் திறந்து பிடித்தேன். சார் இறங்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை, சும்மா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தனா, இன்னைக்கு வேணாம். நேரா ஃபேக்டரிக்கு விடு."

"எப்ப சார் கத்துக்கறது?"

"எனக்கு இது வராதுப்பா. அந்த இளநீர் வண்டி கண்ணுலயே நிக்குது. நீயே ஓட்டு. கேட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். எப்பவும் போல இரு."

இந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன். பொய்கூடச் சொன்னேன். இப்போது கேட்டதும் கோபம்தான் வந்தது. வேண்டாம் என்றால் சேர், வேண்டும் என்றால் எப்பவும் போல. நடுவில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று யாருக்காவது தோன்றியதா?

"ஆறாம் தேதி நான் காலேஜ் பஸ்ல சேர்றேன் சார். இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. இறங்கி முன்னால வாங்க."

நிமிர்ந்து பார்த்தார். நான் கதவை விடவில்லை. மெதுவாக இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெடலுக்குக் கால் எட்டவில்லை. குனிந்து சீட்டை முன்னால் தள்ளிவிட்டேன்.