முடிந்த பணிகள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால், அவர் பிடுங்கிப் படித்துவிட்டு "பொய் எழுதாத" என்பார். அதனால் உள்ளதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆபீஸ் நேரத்தில் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

நம் தெருவுக்குப் புது ரோடு போட்டுவிட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் பழக்கமே உங்கள் நகராட்சிக்குக் கிடையாதா? பழசுக்கு மேலேயே புதுசு. போன தடவையும் இப்படித்தான். இப்போது நம் வாசல் ரோட்டுக்கு முழங்கால் அளவு கீழே கிடக்கிறது. நடுவில் சாக்கடைக்கென்று பள்ளம் வேறு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நான் தாண்டிக் குதித்து மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்விடுகிறேன். கால் எடுத்த மனிதர் சக்கர நாற்காலியோடு எங்கே குதிப்பார்?

ரோடு போட்ட நாளிலிருந்து அப்பா வெளியே போகவில்லை. பஸ் டிப்போ வாசல் பெஞ்சில் பழைய டிரைவர்களோடு சாயங்காலம் கதையடிப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. அதுவும் போச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட, பஸ்ஸில் வேலை பார்த்த காலத்துக் கண்டக்டர் விசிலை ஊதுகிறார். காது கேட்காததால் எவ்வளவு பலமாக ஊதுகிறோம் என்று அவருக்கே தெரிவதில்லை. தெருவே திரும்பிப் பார்க்கிறது.

வாசலுக்கு ஒரு சரிவு கட்டித் தரச் சொல். உங்கள் பாஷையில் சாய்தளம். "நம்ம கவர்மெண்டுகிட்ட சொன்னியா?" என்று தினமும் கேட்கிறார். கவர்மெண்ட் என்றால் நீதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

ரோடு போட்டது நான் இல்லை அக்கா. நகராட்சித் துறைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கே என்ன வேலை நடந்தது என்று மாதாமாதம் முன்னேற்ற மடல் எழுதுகிறவன் மேல் பாயாதே. இருந்தாலும் உங்கள் பகுதி இன்ஜினியரைப் பிடித்துவிட்டேன். நம் வீட்டைச் சேர்த்துவிட்டார். பள்ளத்துக்கு மேல் கான்கிரீட் மூடி, சாய்தளம், கைப்பிடிக் கம்பி, எல்லாம் மார்ச்சுக்குள் வந்துவிடும்.

அப்பா மடலைப் படிக்கிறாரா? அவர் பெயருக்கு நானே முகவரி எழுதித்தான் அனுப்புகிறேன். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மடல் மாத நடுவிலேயே அச்சுக்குப் போய்விடும். அதனால் மாதக் கடைசிக்குள் முடிய வேண்டிய வேலைகளை 'முடிந்த பணிகள்' என்ற தலைப்பில் முன்கூட்டியே எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். இங்கே எல்லாமே முடிந்த பிறகுதான் ஆரம்பமாகும்.

கவர்மெண்ட் சொல்லிவிட்டது என்று அப்பாவிடம் சொல்.

அன்புத் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி ஆள்கள் வந்தார்கள். இருந்த ஒரே படியையும் உடைத்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் கொஞ்சம் பலகை அடித்து, கொஞ்சம் கான்கிரீட் கொட்டினார்கள். சிமெண்ட் தீர்ந்துவிட்டது என்று கிளம்பிப் போனவர்கள் போனவர்கள்தான். கொட்டிய இடத்துக்கு ஈரச் சாக்கு போட்டது சரி. கொட்டாத பள்ளத்தின் மேலும் சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடிவிட்டால் பள்ளம் இல்லையாம்.

அப்பாவை வெளியே விட எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்னை ஜெயில்ல வெச்சிருக்கியா?" என்கிறார். வேலை முடியவில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினால், "தம்பி எழுதட்டும், நம்பறேன்" என்கிறார். இத்தனை வருஷம் சோறு போடுகிறவள் கையெழுத்து செல்லாது. உன்னுடையது அச்சில் வருகிறதே.

மடலை பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். நம் வாசல் உண்மையில் முடிகிற வரைக்கும் முடிந்தது என்று எழுதிவிடாதே. ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

உன் அக்கா


மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மடல் முந்தின நாளே தபாலில் போய்விட்டது. முதல் பக்கத்தில் நம் தெருவைப் போட்டிருக்கிறேன். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று ஆசைப்பட்டுவிட்டேன். திட்டாதே.

இன்ஜினியரைக் கேட்டேன். இந்த வாரத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்கிறார். மடல் வந்தால் நான்கைந்து நாள் அப்பா கண்ணில் படாமல் எடுத்து வை. ஆபீசில் ஆடிட் நடக்கிறது, மூச்சுவிட நேரமில்லை. இல்லாவிட்டால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அப்பா காரியத்துக்கு வந்தாய், ஓரமாக நின்றாய், போனாய். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அன்று பகல் நான் கடையில். தபால்காரர் மடலை ஜன்னல் வழியாக அப்பா கையில் கொடுத்திருக்கிறார். எங்கே எடுத்து வைப்பது? எடுத்து வை என்ற உன் கடிதம் மறுநாள்தான் வந்தது. ஒரு போன் செய்திருக்கலாம், தம்பி. ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

பக்கத்து வீட்டு டைலரம்மாவை விசில் ஊதிக் கூப்பிட்டு, ஜன்னல் கம்பி வழியாகக் காட்டியிருக்கிறார். "எம்பையன் எழுதியிருக்கான் பாரும்மா. சக்கர நாற்காலியில் செல்வோர் இனித் தடையின்றி வெளியே வரலாம்னு போட்டிருக்கு. எம்பொண்ணு இன்னும் முடியலைன்னு என்னை ஏமாத்திட்டிருக்கா." அந்தம்மா அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போயிருக்கிறார். அதற்குள் இவர் சட்டை மாற்றி, தலை வாரி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெஞ்சைத் தள்ளிவிட்டார். மடலை மடித்துப் பையில் வைத்திருந்தார், டிப்போவில் காட்டுவதற்கு. சாக்கைப் பார்த்ததும் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். நீதான் எழுதியிருந்தாயே.

விசில் சத்தம் கேட்டதாம். அவர் எப்போதும் ஊதுகிறவர்தானே என்று உடனே யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "சரிவு இருந்துச்சும்மா. நான்தான் சக்கரத்தைச் சரியா திருப்பலை. தம்பி மேல எதுவும் வரக்கூடாது, வேலைக்கு ஆபத்து." பள்ளத்தில் விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிற மனிதர் என்னிடம் சரிவு இருந்தது என்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். கடைசி வரைக்கும் அவர் நம்பியது உன்னைத்தான்.

எனக்கு உன் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

எத்தனை தடவை ஆரம்பித்துக் கிழித்தேன் என்று தெரியவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஏன் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அடுத்த மடலில் திருத்தம் போடலாம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனேன். நம் தெருவில் பணி முடியவில்லை, தவறாக வெளியாகிவிட்டது என்று. மேலதிகாரி படித்தார். "இதைப் போட்டா மத்ததெல்லாம் மட்டும் முடிஞ்சுதான்னு கேப்பாங்கப்பா" என்று பேனாவால் அடித்தார். சண்டை போட்டிருக்க வேண்டும். சரி சார் என்று வந்து என் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மதியம் வேறொரு தெருவின் குழாய் வேலையை முடிந்தது என்று எழுதினேன். அது முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரட்டுமா அக்கா? அப்பா உட்கார்ந்த ஜன்னல் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


மே 19

தம்பி,

வர வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டேன். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது, அதற்கு வந்துவிட்டேன்.

போன வாரம் சாய்தளம் கட்டிவிட்டார்கள். நன்றாகவே இருக்கிறது. கைப்பிடிக் கம்பிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, உங்கள் ஆள்கள் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி அதன் மேல்தான் வந்து நின்றது. இனி நீ எழுதியது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நிம்மதியாக இரு.

அப்பாவின் விசிலைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னால் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த மாத மடலும் அவர் பெயருக்கே வந்திருக்கிறது. தபால்காரர் இங்கே தேடி வந்து கொடுத்தார். அனுப்புகிற முகவரிகளிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே. எடுத்துவிட்டால் போதும்.

அக்கா